அத்தை தொட்ட வாசக்கால்

எங்கள் வீட்டு வாசக்காலைக் கரையான் தின்றுகொண்டிருந்த விஷயம் ஒரு பேப்பர்காரரால்தான் வெளியே வந்தது. அவர் வீசிய பேப்பர் குறி தவறிக் கதவுச் சட்டத்தின் மேல்கட்டையில் பட, அங்கிருந்து ஒரு கைப்பிடி மண் கொட்டியது. மரத்திலிருந்து மண் கொட்டுமா? கொட்டியது. அப்பா விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. மந்தைவெளியில் ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தோம். தரைத்தளம் என்றால் மழைத்தண்ணீர், கொசு, பெருச்சாளி, கரையான் எல்லாம் முதலில் நம் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் மாடிக்குப் போகும்.

நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தை அப்பாவின் அக்கா. கே.கே. நகரில் இருந்தவள், மாமா இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டாள். அப்பாவுக்கு அந்த வருஷத் தொடக்கத்தில்தான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி கத்தினால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவாள். பூனை குறுக்கே போனால் ஆபீஸுக்குக் கிளம்பிய அப்பாவை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். அப்பா கிண்டல் செய்வார். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போவார்.

வாசக்காலை மட்டும் மாற்றுவது என்று தொடங்கிய வேலை, மேஸ்திரி வந்து பார்த்தபிறகு குளியலறைக் குழாய், சமையல் மேடை என்று வளர்ந்துவிட்டது. அப்பா ஆபீஸுக்கும் அம்மா அவள் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்கும் போய்விட, வேலையாட்களைப் பார்த்துக்கொள்வது அத்தையின் பொறுப்பு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு செங்கல்கூட உள்ளே போகமுடியாது. ஒருநாள் பித்தளைக் குழாய் என்று சொல்லி பளபளவென்று எதையோ மாட்டியிருந்தார்கள். அத்தை ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தப் பிள்ளையாரை எடுத்துவந்து குழாயின்மேல் வைத்தாள். அவர் கெட்டியாக ஒட்டிக்கொண்டார்.

“பித்தளைல பிள்ளையார் நிக்கமாட்டாரேப்பா. கழட்டு” என்றாள்.

மேஸ்திரி கழற்றினார். போகும்போது என்னிடம், “உங்க அத்த போலீஸ்ல இருந்தாங்களா பாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாசக்காலுக்குத் தேக்குதான் வேண்டும், இனி கரையான் என்ற பேச்சே கூடாது என்று அப்பா மரக்கடைக்கே போய்த் தன் கண்ணால் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அறுத்து, சட்டமாக்கி, கொண்டுவந்து நிறுத்துவது மேஸ்திரியின் வேலை.

ஆனால் வாசக்கால் வைப்பதென்பது சும்மா ஒரு சட்டத்தை நிறுத்துகிற வேலையில்லை. நாள் பார்க்கவேண்டும். நல்ல நேரத்துக்குள் மஞ்சள் குங்குமம் வைத்து, மேல்கட்டையில் நவதானிய முடிச்சு கட்டி, அடியில் பால் ஊற்றி, சுமங்கலிகள் கைபட நிறுத்தவேண்டும். அப்படி நிறுத்தியதைப் பிறகு அசைக்கக்கூடாது, அசைத்தால் வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்பார்கள். எங்கள் வீட்டுத் தலைவரோ நெஞ்சுக்குள் கம்பிச்சுருளோடு நடமாடிக்கொண்டிருந்தவர்.

பூஜை நாளன்று காலையிலிருந்தே அம்மா நிலைகொள்ளவில்லை. மாடிவீட்டு மாமிகளும் பக்கத்து வீட்டு அக்காக்களும் பட்டுப்புடவையில் வந்து காத்திருந்தார்கள். பழைய வாசக்காலைப் பெயர்த்தெடுத்திருந்ததால் வாசல் பொக்கைவாயாகக் கிடந்தது. டெம்போவைக் காணோம். அப்பா போன் செய்தால் மேஸ்திரி, “இதோ வந்துகினே கீறேன் சார், அடையாறு சிக்னல்ல மாட்டிக்கினேன்” என்றார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அம்மாவின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கடைசி நேரத்தில் டெம்போ வந்து நின்றது. சட்டம் செக்கச்செவேலென்று பளபளத்தது.

“பாலிஷே போட்டு எடுத்தாந்துட்டேன் சார். உங்களுக்கு ஒரு வேல மிச்சம்” என்றார் மேஸ்திரி. பிறகு வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, “அத்த எங்க பாப்பா?” என்றார்.

“உள்ள, சமையக்கட்டுல.”

“சரி சரி, அவங்க உள்ளயே இருக்கட்டும். டேய், தூக்குங்கடா, டைம் ஆவுது!”

தடதடவென்று வேலை நடந்தது. சட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். முடிச்சைக் கட்டினார்கள். பாலை ஊற்றினார்கள். கற்பூரம் காட்டியதும் பெண்கள் ஒவ்வொருவராக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். இந்தப் பக்கம் பூஜை நடக்கும்போதே அந்தப் பக்கம் சுவரிலிருந்த ஓட்டைகளில் இரும்புக் கொக்கிகளைச் சொருகி, சிமென்டை அள்ளி அடைத்துக்கொண்டிருந்தார்கள். “சின்னப் பொண்ணு கையும் படட்டும்” என்று யாரோ சொல்ல, நானும் குழைத்த மஞ்சளை இரண்டு கையாலும் எடுத்து, கீழ்ப்பக்கமாக நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

“அம்மா, சாயம் போகுது!” என்று கத்தினேன். தி.நகர் பிளாட்பாரத்தில் வாங்கிய பாவாடை முதல் சலவையில் பக்கெட்டையே சிவப்பாக்கியபோது கத்திய அதே கத்தல்.

அப்பா குனிந்தார். தோளிலிருந்த துண்டை நனைத்து ஒரு துடை துடைத்தார். துண்டு பழுப்பாயிற்று. இன்னொரு துடை. அடியில் வெளிறிப்போன, ரேகையே இல்லாத மரம் பல்லைக் காட்டியது. பழம் வரும் பெட்டிகளுக்கு அடிக்கிற பலகை அது. அப்பா நிமிர்ந்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்னய்யா இது?”

“அய்யோ, கடைக்காரன் மாத்திட்டான் போல கீது சார். எனக்கு இன்னா தெரியும்?” மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பதறியதாகத் தெரியவில்லை. “மாத்திக் குடுத்துடலாம், அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா பால் ஊத்தி, சுமங்கலிங்க கைவச்சு நிறுத்தின வாசக்கால் சார். இத்த புடுங்கறது குடும்பத்துக்கு ஆவாது. அதுவும் உங்களுக்கு இப்பத்தான் ஒடம்பு சரியாகி வந்துகினு கீது. நான் வேணான்னுதான் சொல்வேன். அப்பால உங்க இஷ்டம்.”

பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“வேணாங்க” என்றாள் அம்மா. “இருந்துட்டுப் போகட்டும்.”

“மறுபடியும் கரையான் தின்னுடும்டி!”

“தின்னட்டும். வாசல் போனா போகட்டும். நீங்க...” மேலே சொல்லமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சட்டுனு ஒரு முடிவு சொல்லுங்க சார். சிமென்ட் புடிச்சிச்சுன்னா அப்பால செவுத்த ஒடைக்கணும்” என்றார் மேஸ்திரி. அப்பாவின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. பாவி மனிதா, உனக்கு என் அப்பாவின் நெஞ்சா கிடைத்தது என்று இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று எனக்கு வெறும் பயம்தான். சாயத்தைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்பதால், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்று தோன்றிவிட்டது. ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

என் அழுகையைக் கேட்டுத்தான் அத்தை வெளியே வந்தாள். மாமிகள் விலகி வழிவிட்டார்கள். அவள் முதலில் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் துண்டை. பிறகு மேஸ்திரியை.

“ஏம்ப்பா, புடுங்கினா என் தம்பிக்கு ஆகாதுன்னா சொன்ன?”

“நான் சொல்லலக்கா, சாஸ்திரம் சொல்லுது.”

“கே.கே. நகர்ல எங்க வீட்டு வாசக்கால் நல்ல தேக்கு. நாள் பாத்து, நேரம் பாத்து வெச்சது. பத்து சுமங்கலிங்க கைவெச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. யாரும் புடுங்கல, யாரும் அசைக்கல. அது வழியாத்தான் எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனாங்க.”

அவள் சத்தம் போடவில்லை. காய்கறிக்காரரிடம் பேசுகிற குரல்தான். பேசிக்கொண்டே தட்டிலிருந்த மஞ்சளைக் கைநிறைய எடுத்தாள். அம்மா, “அண்ணி!” என்றாள். அத்தை திரும்பவில்லை. சட்டத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை பூசினாள். குங்குமத்தை எடுத்து நடுவில் அழுத்தி வைத்தாள். மாடிவீட்டு மாமி ஒருத்தி ‘ஐயோ’ என்று மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

“இப்ப நான் தொட்டுட்டேன். இந்தப் பூஜை செல்லுமா, செல்லாதா? உன் சாஸ்திரத்தையே கேட்டுச் சொல்லு.”

மேஸ்திரி பதில் தேடுவதற்குள் அத்தையே தொடர்ந்தாள்.

“செல்லும்னா, யார் தொட்டாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. செல்லாதுன்னா, இன்னைக்கு வாசக்காலே வெக்கல. ரெண்டுல எதுவா இருந்தாலும் கழட்டு.”

பிள்ளையார் ஒட்டிய குழாய்க்குச் சொன்ன அதே ‘கழட்டு’. அப்பா ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். பிறகு அவரும், “கழட்டுய்யா” என்றார். ஈர சிமென்ட் பொலபொலவென்று உதிர, சட்டம் வெளியே வந்தது. மேஸ்திரி அதைத் திரும்ப டெம்போவில் ஏற்றினார். மாமிகள் தாம்பூலம்கூட வாங்கிக்கொள்ளாமல் மாடிக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். எங்கள் அத்தை ஒரே ஒரு கேள்வியில் மேஸ்திரியை மடக்கிய கதையைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகச் சொன்னேன். அத்தைதான் கொண்டாடுகிற மாதிரித் தெரியவில்லை. அன்று பின்பக்கக் குழாயடியில் சாயம் போக வெகுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றபோது அவள் கை எப்போதோ சுத்தமாகியிருந்தது. அம்மா அவளோடு சரியாகப் பேசவில்லை. அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போய், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான், அத்தையின் தட்டில் அம்மா தானாக ஒரு தோசையைக் கூடப் போட்டாள்.

அடுத்த நல்ல நாளில் புது வாசக்கால் வந்தது. பாலிஷ் இல்லாத வெறும் மரம். டெம்போ தெருமுனையில் திரும்பும்போதே அத்தை வெளியே போய் நின்றுவிட்டாள். சாவியால் சுரண்டினாள், ஈரத்துணியால் துடைத்தாள், மூக்கை வைத்து முகர்ந்தாள். அப்பா கடையில் வாங்கிவந்திருந்த துண்டுத் தேக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். எல்லாம் ஆனபிறகு, “ம், இறக்கு” என்றாள். மேஸ்திரி, “இப்ப திருப்தியாக்கா?” என்றதற்கு, அவள் சட்டத்தின் மறுபக்கத்தையும் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்.

மாமிகள் மறுபடி பட்டுப்புடவையில் வந்தார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் ஏற்றப்போகும்போதுதான் கவனித்தேன், அத்தையைக் காணோம். இந்த வாசக்காலுக்காகச் சண்டை போட்டவளே அவள்தானே, முதல் மஞ்சள் அவள்தானே வைக்கவேண்டும் என்று சமையலறைக்கு ஓடினேன்.

அத்தை அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“வா அத்தை, ஆரம்பிச்சிட்டாங்க!”

“அடுப்புல பால் இருக்குடி. நான் நகர்ந்தா பொங்கிடும். நீ போ.”

நான் எட்டிப் பார்த்தேன். பால் பாத்திரம் இருந்தது. அடியில் நெருப்பு இல்லை.

பாவம், கேஸ் தீர்ந்துபோனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறாளே என்று எனக்குப் பதறிவிட்டது. வாசலுக்கு ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் சத்தமாக, “அம்மா, அடுப்பு எரியவே இல்ல. அத்தை சும்மா நின்னுட்டிருக்காங்க. சிலிண்டர் மாத்தணும்” என்றேன். அம்மா கையில் மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. சிலிண்டர் மாற்றுவதற்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.