உள்ளங்கையில் ஒரு சொட்டு சொதி

மைதாப் பசை வாசம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

அம்பாசமுத்திரம் பஜார்ல காலங்காத்தால அந்த வாசம் அடிச்சா, யாரோ ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார்னு அர்த்தம். சுவர்ல ஈரம் காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மேல படம், கீழ நாலு வரிக் கவிதை.

அந்த நாலு வரி அடியேன் கைவண்ணம்.

சும்மா சொல்லக்கூடாது... பாபநாசத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவுல என் கவிதை இல்லாம ஒருத்தரும் நிம்மதியா மேல போனதில்ல. எமனே எருமையை நிறுத்தி, "கவிராயர் எழுதிட்டாரா?"ன்னு கேட்டுட்டுத்தான் கயிறை வீசுவான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. அதைக் கிளப்பி விட்டவனும் நான்தான்.

என் கவிதையில ஆள் போனா தாமிரபரணி வத்தும். பொதிகை மலை குனிஞ்சு அழும். சூரியன் லீவு போடும். அரிசி மில் அண்ணாச்சிக்கு ஆறு வத்திச்சு. டைப்ரைட்டிங் டீச்சரம்மாவுக்கு மறுபடியும் வத்திச்சு.

எழுதினதும் முதல்ல வாசிச்சுக் காட்டுறது வீட்டுக்காரி காந்திமதிகிட்ட. முருங்கைக் கீரை உருவிக்கிட்டே கேப்பா. முகத்துல ஒரு அசைவு இருக்காது.

"பேரை மறைச்சிட்டா, இது யாருக்கு எழுதினதுன்னு உங்களுக்கே தெரியுமா?"

"காவியம்டி இது."

"அந்த அண்ணாச்சி, மில்லுக்கு வார பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கை பொரிகடலை கொடுப்பாவ. அதை எழுதலாம்லா?"

"பொதிகை மலைக்குப் பக்கத்துல பொரிகடலையா? கூறு கெட்டவளே."

சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவா. கொஞ்ச நேரத்துல வாசல்ல இருந்து சத்தம் வரும்.

"ஏங்க, நான் ஆத்துக்குத் துணி அலசப் போறேன். வத்துறதுக்குள்ள வந்துருதேன்."

...

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, தை மாசம், காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்ல.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கார்டு அடிக்கணும். பிரஸ் வச்சிருக்கிற மீரான் என் வாலிபத்துச் சேக்காளி. என் கவிதை பூராவும் அவன் கையாலதான் அச்சாச்சு. போன் பண்ணினான்.

"வே, எல்லாம் கம்போஸ் ஆயிட்டு. உம்ம நாலு வரிக்குத்தான் இடம் விட்டு வச்சிருக்கேன்."

"கவிச்சக்கரவர்த்தி வீட்டு விசேஷம் வே. உலகம் பாக்காத வரி வருது, இரும்."

எழுதினேன். வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அவன் கூப்பிட்டான். வழக்கமா அதட்டிப் பேசுதவன், அன்னைக்குப் பையப் பேசினான்.

"வே... இது மில் அண்ணாச்சிக்கு எழுதினதுலா."

அதை அடிச்சிட்டு வேற எழுதினேன்.

"இது டீச்சரம்மாவுக்கு."

"கடைசி வரி புதுசுலா வே?"

"கடைசி வரி ஜவுளிக்கடை மாமாவுக்கு."

அப்பதான் எனக்கு உறைச்சுது. இருந்த ஆத்தையெல்லாம் ஊராருக்கே வத்த வச்சிட்டேன். என் வீட்டுக்குன்னு வரும்போது தண்ணி இல்ல. நான் எழுதினதுல பேரை மறைச்சா, அது காந்திமதின்னு எனக்கே தெரியல.

பேனாவை மூடி வச்சிட்டு எந்திரிச்சேன். அடுப்படியில என் தங்கச்சி குழம்பு கொதிக்க விட்டிருந்தா. நான் அடுப்படி வாசல்கிட்ட போய் நின்னு, கையை நீட்டினேன்.

"என்ன அண்ணே வேணும்?"

என்ன வேணும்... எனக்கே சொல்லத் தெரியல. அன்னைக்கு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

செவ்வாயும் வெள்ளியும் காந்திமதிக்கு விரதம். சமைக்கிறதை நாக்குல வைக்க மாட்டா. ஆனா உப்புப் பாக்கணுமே... அதுக்கு நான். தேங்காப்பால் சொதி கொதிச்சதும் கரண்டியில இருந்து ஒரு சொட்டை என் உள்ளங்கையில விடுவா. கை சுட்டுரக்கூடாதுன்னு ஊதி ஊதி விடுவா. நான் நக்கிப் பாத்துட்டு, "அமிர்தம். தேவலோகத்துல இருந்து ஆள் அனுப்பிக் கேக்குதான்"ம்பேன்.

"புளுகாதீங்க. உப்பு கூடியா, குறைச்சலா?"

கல்யாணமான நாள்ல இருந்து பழக்கம். தாளிக்கிற வாசம் வந்தா கால் தானா அங்கன போயிரும். அன்னைக்கும் போயிருக்கு.

நின்ன இடத்துலயே போன்ல தட்டி மீரானுக்கு அனுப்பினேன்.

விரத நாளில் உப்புப் பார்க்க
உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள்.
இன்றும் அடுப்படி வாசலில்
கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மீரான் கூப்பிடவே இல்ல. பொறுக்க முடியாம நானே கூப்பிட்டேன்.

"ஏன் வே, இதுவும் யாருக்காவது எழுதினதா?"

"இல்ல வே. இது காந்திமதி மைனிதான்."

பிறகு அவனே, "ஆமா, இதுல ஆத்தைக் காணோமே?"ன்னான்.

"அது பாட்டுக்கு ஓடட்டும் வே. அவ துணி அலசின ஆறு."

...

இப்ப பசை வாசமெல்லாம் கிடையாது. ஃப்ளெக்ஸ் வந்தாச்சு. எவனாவது போட்டோவையும் பேரையும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, "மாமா, நாலு வரி, அவசரம்"ங்கான். அவசரமாம்... போனவர் காத்திருப்பார் தம்பி. அவர் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிட்டு வருவார், யாரை என்ன சொல்லித் திட்டுவார், அதைச் சொல்லு முதல்லன்னு கேக்குதேன். சக்கரவர்த்தி ஓய்வு பெறல. ஆத்துத் தண்ணியில மட்டும் கை வைக்கிறதில்ல.

சமையலும் நானே. சொதி வைக்கிறதுல என்னை அடிக்க மூணு ஜில்லாவுல ஆள் கிடையாது. அந்த வாசத்துக்குக் காரையார் காட்டுல இருந்து யானை இறங்கி வருதுன்னு கேள்வி.

செவ்வாய்க்கிழமைன்னா, வலது கையால கரண்டியைப் பிடிச்சு, இடது கையில ஒரு சொட்டு விட்டுக்கிடுதேன். ஊதித்தான். நக்கிப் பாத்துட்டு, "அமிர்தம்"னு சத்தமாச் சொல்லுதேன்.

உப்பு கூடித்தான் இருக்கும்.

புளுகாதீங்கன்னு சொல்லத்தான் ஆள் இல்ல.