கால் டொலர்க் காசுகள் சேர்த்த ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி வந்தபோது, கபோ சந்தைப் பக்கத்து விடுதியில் நான் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தேன். மறுமுனையைப் பிடிக்க வேண்டியவர் அவர். விடுதி முதலாளியம்மா சிஞ்ஞோரா கதவடியில் நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள் என்றார். விரிப்போடு தரையில் இருந்துவிட்டேன்.

மாதா கோவிலில் அவருடைய பகிடிகளுக்குச் சிரித்த உங்களில் பலருக்கு அவருடைய காசுப் பையைத் தெரியாது. அமெரிக்க விருந்தினர்கள் போகும்போது தங்கள் நாட்டுச் சில்லறையை மேசையில் விட்டுப்போவார்கள். இங்கே காசு மாற்றும் கடைகள் தாளை மட்டும்தான் எடுக்கும். நாங்கள் அந்தச் சில்லறையைக் குப்பையோடு கூட்டித் தள்ளுவோம். அக்கா பொறுக்குவார். அமெரிக்காவில் அவருடைய ஒரே மகள் டிலானி இருக்கும் கட்டடத்தில், சலவை இயந்திரம் கால் டொலர்க் காசை மட்டுமே விழுங்குமாம். காசு கிடைக்காத கிழமைகளில் பிள்ளை கையால் தோய்க்கிறாள் என்பது அக்காவுக்குப் பெரிய துக்கம்.

“நான் போகேக்கை கொண்டு போவன்” என்பார்.

தொடக்கத்தில் அவருக்கு எந்தக் காசு எது என்றே பிடிபடவில்லை. அவற்றில் மதிப்பு இலக்கத்தில் இல்லை, எழுத்தில்தான். பெரியதுதான் பெறுமதி என்று நம்பி, ஐந்து சதத்தை வைத்துக்கொண்டு பத்துச் சதத்தை எறிந்துவிட்டார். “சின்னனுக்கு மதிப்புக் கூட எண்டு ஆர் கண்டது!” என்று பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

கால் டொலரில் பிழை விடவில்லை. ஒரு பக்கம் குடுமி வைத்த மனிதர். மறுபக்கம் காசுக்குக் காசு வேறு: மலை, மரம், குதிரை. “பிள்ளை இருக்கிற இடமும் இதுகளிலை எங்கையாவது இருக்கும்” என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார்.

அக்கா இரண்டு தடவை கேட்டும் விசா கிடைக்கவில்லை. டிலானியின் அகதி வழக்கு முடியாததால் அவளும் அங்கிருந்து வெளிக்கிட முடியாது. தாயின் சவப்பெட்டி மூடப்பட்டதை அவள் ஃபோனில்தான் பார்த்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பையை ஃபோனிலேயே அவளுக்குக் காட்டினேன்.

“ஆரிட்டையாவது குடுத்து விடட்டே?”

“வேண்டாம் அன்ரி. இஞ்சை மிசின் மாத்திப்போட்டாங்கள். இப்ப ஃபோனாலைதான் கட்டுறது.”

“அம்மாக்குத் தெரியாதே?”

“தெரியும். எப்பவோ சொல்லிப்போட்டன். ‘சரி பிள்ளை’ எண்டவ.”

ஆஸ்பத்திரிக்குப் போன கிழமையும் அக்கா என் கண்முன்னே ஒரு மேசையிலிருந்து ஒரு கால் டொலர்க் காசைப் பொறுக்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார். “பிள்ளைக்கு” என்றார். எனக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை. இதில் ஆறுதல் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு காசை மட்டும் நான் வைத்திருக்கிறேன். ஐரோக் காசு போட்டால்தான் கழன்று வரும் சுப்பர்மார்க்கெட்டுத் தள்ளுவண்டியின் துவாரத்துக்கு அது அளவாகப் பொருந்தும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். “பயப்பிடாதை, விட்ட இடத்திலை கொண்டுபோய் விட்டா திருப்பித் தரும்” என்பார்.

ஒவ்வொரு தடவையும் தருகிறது. குடுமிக்காரரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.