மட்டைக்குள் மூன்று கண்

தொண்ணூறுகளில் ஆனைமலைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோப்பில் தேங்காய் வாங்கப் போவேன். அங்கிருந்த காவல்காரருக்கு முழு வழுக்கை. உரித்த தேங்காய்க்கு இருக்கும் குடுமிகூட அவருக்கு இல்லை. மதியமானால், அதிகம் காய்த்த மரத்தடியாகப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் குறட்டை விடுவார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், தலைக்கு நேர் மேலே முப்பத்திரண்டு காய்கள்.

நானோ மொபெட்டை விட்டு இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“ஏனுங்க சார், வண்டிதான் நின்னுபோச்சே. இன்னும் எதுக்குங்க தலையில அந்தச் சட்டி?” என்றார், வண்டிச் சத்தத்தில் கண் விழித்தவர்.

“மேலே பாருங்க. ஒண்ணு விழுந்தா என்ன ஆகறது? கட்டிலை அப்படி நடுவுல போடுங்க” என்று இரண்டு மரங்களுக்கு இடையே கைகாட்டினேன்.

“தேங்காய்க்கு மூணு கண்ணு இருக்குதுங்க. ஆளைப் பாத்துத்தானுங்க உழுகும்.”

விடுவேனா? “கண்ணு ஓட்டுல இருக்கு. அதுக்கு மேல மட்டை மூடியிருக்கு. எப்படிங்க பாக்கும்?”

அவர் முகம் வாடிவிட்டது. அண்ணாந்து பார்த்தார். எழுந்து கட்டிலின் காலைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காய் ஓலையில் பட்டுத் தெறித்து, நான் கைகாட்டிய இடத்திலேயே தொப்பென்று விழுந்தது.

“பாத்தீங்களா! கண்ணு மூடியிருந்தா என்னங்க, காது கேக்குதல்லங்க? எம்பட கொறட்டை எங்கிருந்து வருதுன்னு அதுக்குத் தெரியுமுங்க. நீங்கதான் சத்தமில்லாம நிக்கறீங்க. சட்டியைக் கழட்டிப்போடாதீங்க.”

கட்டில் பழைய இடத்திலேயே கிடந்தது. குறட்டை தொடர்ந்தது.

வீட்டில் தேங்காய் உடைக்கும்போதெல்லாம் இன்றும் திருப்பிப் பார்க்கிறேன். கண் மூன்றும் சரியாக இருக்கிறது. காதுதான் அகப்படவில்லை.