கிளாக்கர் வாசலில் ஒரு குளியல்

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் சண்முகவடிவு. வாய் கொஞ்சம் நீளம். கங்காணிமாரே அவள் பறிக்கிற செடி நிரையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். புருஷன் செத்தபோது அழுததைக்கூட யாரும் பார்த்ததில்லை. அவளுக்குக் கூச்சம் என்று ஒன்று இருந்தால், அது குளிக்கிறபோது மட்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குளியலறை கிடையாது. மலைத்தண்ணீர் விழும் பீலிதான். பொழுது இருட்டியதும் பெண்கள் அங்கே போவார்கள். தோட்டம் கட்டித்தராத சுவரை இருட்டு கட்டித்தந்தது.

அதை இடித்தவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர் சோலைமலை. விறகுத் திருடர்களைப் பிடிக்கப்போவதாகச் சொல்லி, இருட்டிலும் படம் பிடிக்கிற கமெரா ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். இரவில் எடுத்ததை ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை டீவியில் பெருமையாகப் போட்டும் காட்டினார். திரையெல்லாம் பச்சை. திருடன் ஒருத்தனும் வரவில்லை, பீலி வந்தது. மார்போடு பாவாடை கட்டிக்கொண்டு தலைக்கு ஊற்றுகிற சண்முகவடிவு வந்தாள்.

யாரோ சிரித்தார்கள். கிளாக்கர் அவசரமாக டீவியை அணைத்தார்.

"தெரியாம விழுந்துருச்சு."

"அப்ப கேசட்ட குடுங்க," என்றாள் கூட்டத்தில் இருந்த சண்முகவடிவு.

"அது ஆபீஸ் சாமான்."

"நான் ஆபீஸ் சாமானா?"

கிளாக்கர் கேசட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம், வாளியும் சவர்க்காரமுமாக ஆபீஸ் வாசல் குழாயடிக்கு வந்தாள். பின்னால் லயத்துப் பெண்கள் எல்லோரும். வேலைச்சேலையோடு தலைக்கு ஊற்றினாள்.

"கமெராவ கொண்டாங்கய்யா. இருட்டுல சரியா விழல. இப்ப வெளிச்சம் நல்லாருக்கு."

"தொரையையும் கூப்புடுங்க, எல்லாரும் சேந்தே எடுத்துக்கலாம்," என்றாள் அவள் பின்னால் நின்ற பூரணி.

பனிக்குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. ஒருத்தியும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறவில்லை. கடைசியில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது, கேசட்டோடு. சண்முகவடிவு நாடாவைப் பிடிபிடியாக உருவினாள்.

பூரணி மெதுவாகக் கேட்டாள்: "வடிவக்கா, வேற கேசட்டுல ஏத்தி வச்சிருந்தாருன்னா?"

சண்முகவடிவின் கை நின்றது. அதை அவள் யோசித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி தன் கம்பளியைக் கழற்றி அவள் தோளில் போட்டாள்.

"வச்சிருந்தா, பாக்குறவன் ஒளிஞ்சு பாக்கட்டும். நான் குளிக்கத்தானே செஞ்சேன்," என்றாள் சண்முகவடிவு. "இனிமே பீலியச் சுத்தித் தகரம் அடிச்சாத்தான் வேலை."

ஈரச்சேலையோடு ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மத்தியானம் கிளாக்கர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, சாப்பிடப் போக வழி கேட்டார்.

"போங்கய்யா," என்று முழங்காலை ஒதுக்கினாள். "வரும்போது தகரத்தோட வாங்க."