இரண்டாயிரமாவது வரி

எண்பதுகளின் நடுவில், எறணாகுளம் பிராட்வேயில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. முதலாளி ஆசைப்பட்டு ஒரு விளையாட்டு எழுதச் சொன்னார். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து கிளம்பும் போட், பாயல் என்கிற நீர்ப்பாசி மண்டிய காயலில் சிக்காமல் எறணாகுளம் போய்ச் சேர வேண்டும். நானும் என்னோடு வேலை பார்த்தவளும் சேர்ந்து எழுதினோம். அவளும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவள், நிதானக்காரி. எனக்கோ நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது.

ஆறு மாதத்தில் முதலாளிக்கு ஆசை விட்டுப்போயிற்று. விளையாட்டு வேண்டாம், டைப்பிங் பாடம் எழுதுங்கள் என்றார். எழுதியதை என்ன செய்வது என்று கேட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள் என்று கையை உதறினார்.

அது போதாதா எனக்கு? ப்ரோகிராம் முழுவதையும் அச்செடுத்து, எங்களுடையதைப் போன்ற மெஷின் இருந்த எட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் நகல் கொடுப்பது என்று கிளம்பினேன். பிள்ளைகள் தாங்களே தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கும் என்பதுதான் உண்மையான காரணம்.

ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வேலியேற்றத்தில், அதாவது கடலோதத்தில், தண்ணீர் ஏறி இறங்கி போட்டை இழுக்கும் பகுதிதான் அந்த விளையாட்டின் உயிர். அதை முழுக்க அவள்தான் எழுதினாள். அந்தப் பகுதியின் தலையில், 2000 என்று எண்ணிட்ட வரியில், 'வேலியேற்றம் எழுதியது' என்று போட்டுத் தன் பெயரையும் சேர்த்திருந்தாள். 'ரெம்' என்று தொடங்கும் வரி அது. மனுஷர் படிப்பதற்கான குறிப்பு, மெஷின் அதைச் சட்டை செய்யாது. நகலெடுக்கும்போது அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்தேன். அற்பத்தனம் என்று வைக்கும்போதே தெரிந்தது. வைத்தேன்.

ஒரு வாரத்தில் தேவராப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். போட் ஜெட்டியை விட்டு நகரவில்லை, அப்படி ஒரு வரியே இல்லை என்று மெஷின் சொல்கிறது என்றார். எங்கள் மெஷினில் ஒழுங்காக ஓடியது. இரண்டு நாள் நகலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாயா குடிக்க இறங்குவேன், குடிக்காமலே ஏறி வருவேன். கடைசியில் அவள் என் கையிலிருந்து நகலை வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணி ஏறணும்னா ரெண்டாயிரத்துக்குப் போன்னுதானே எழுதியிருக்கோம். அந்த வரியே இதுல இல்லையேடா."

எனக்குக் காது சுட்டது. அவள் வெள்ளை இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெறும் ரெம்னு போட்டாப் போறும், ஓடிடும்" என்று சொல்லி நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டைப்பிங் பாடத்தைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை முதல் போட்டிலேயே கிளம்பினேன். உட்கார இடமிருந்தும் அக்கரை வரை நின்றுகொண்டே போனேன். தேவராவில் அந்த ஆசிரியர் மெஷின் முன்னால் உட்கார்ந்து 2000 என்று தட்டினார், பிறகு ரெம் என்று தட்டினார். விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத்ர மதியோ?"

போதாது என்றேன். அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். இன்னும் ஏழு பள்ளிக்கூடங்கள் பாக்கி இருந்தன.