தெளிந்த தண்ணீர்

வடிகால் தண்ணீரை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. அடியில் கிடந்த நத்தை ஓடுகூடத் தெரிந்தது. அந்த ஆவணியில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரவில்லை. நாற்றங்காலில் விரல் உயரம் வந்த நாற்று வாடத் தொடங்கியிருந்தது. வடிகாலில் தேங்கியதை எஞ்சின் வைத்து இறைப்பதைத் தவிர வழியில்லை.

அப்பா குனிந்து ஒரு கை அள்ளினார். பண்ணையாளாக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. கடல் பக்கத்து ஊர் என்பதால், நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்தத் தண்ணீரையும் வயலுக்கு விடமாட்டார்.

"வாயில வைக்காதீங்கப்பா. எவ்வளவு கிருமி இருக்கும் தெரியுமா?"

நான் அப்போதுதான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

"உப்பா இருந்தா?" என்றார்.

"எப்படித் தெளிஞ்சு கிடக்கு, பார்த்தாலே தெரியலையா? நல்ல தண்ணிதான்."

அம்மா சிரித்தாள். "காலேஜே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன? இதைக் குடத்துல புடிச்சா கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டை உரசுற வேலைகூட இல்ல."

அப்பா கையில் இருந்ததைக் கீழே விட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கித் தந்த ஒரு ஏக்கர் எங்களுடையது. அதற்காக அப்பா இரண்டு முறை ஜெயிலுக்குப் போயிருக்கிறார். அந்த ஏக்கருக்கான மொத்த நாற்றும் அந்த நாற்றங்காலில்தான் நின்றது. நாலாம் நாள் நுனி வெளுத்தது. ஒரு வாரத்தில் எல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது. கிழக்கே புதிதாக வெட்டிய இறால் குட்டைக்காரர்கள் உப்புத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்ட விஷயம் பிறகுதான் தெரிந்தது. ஊரே அவர்களைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன்.

அடுத்த மாதம் ஆய்வகத்தில் களிமண் கலக்கிய நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வைத்தார்கள். மண் துகள்கள் மேல் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் என்றார் ஆசிரியை. ஒரு குவளையில் மட்டும் உப்புக் கரைசலை ஊற்றினார். உப்பு அந்தத் தள்ளுதலைக் குறைத்துவிட, துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் இறங்கின. மணி அடிப்பதற்குள் உப்பு விட்ட குவளை தெளிந்துவிட்டது. மற்றது கலங்கலாகவே இருந்தது.

என் நோட்டில் அன்று ஒரு வரிகூட இல்லை. நல்ல தண்ணீராக இருந்திருந்தால் எங்கள் களிமண் ஊர் வடிகால் அப்படித் தெளிந்திருக்காது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். தெளிவுக்குக் காரணமே உப்புதான், நான் தடுத்திருக்கக் கூடாது என்றேன். அவர் வெற்று நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தப் பாடம் வர்றதுக்கு முந்தி சொன்னதுதானேம்மா. விடு."

அந்த வருஷம் எங்கள் ஏக்கர் தரிசாகக் கிடந்தது. அப்பா பழையபடி அடுத்தவர் வயலுக்கு நடவுக் கூலியாகப் போனார்.

மறு வருஷம் தண்ணீர் வந்தபோது நானும் வரப்பில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். கை வாய்க்குப் போனது எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தார்போலும்.