வெயிலுக்கு வெற்றிலை பாக்கு

எங்கள் ஊரில் கண்ணாடி அறை கட்டிக்கொடுக்கும் தொழில் என்பது, வெயிலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து வீட்டுக்குள் அழைப்பதுதான். தானாகவே வருகிற விருந்தாளிக்கு அழைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். மேற்குப் பார்த்த வீட்டில் குடியிருந்து, சாயங்காலம் சுவரைத் தொட்டுக் கையை உதறியவர்கள் நிச்சயம் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆறு மாதம் வாயை மூடாமல் கேட்டேன்.

நான் கட்டிடக்கலை நாலாம் வருட மாணவி. எங்கள் படிப்பில் ஆறு மாதம் வெளியே போய் வேலை பழக வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியாது" என்று அத்தா சொல்லிவிட்டார். (அதற்கு அவரோடு இன்னும் சண்டை முடியவில்லை.) ஆகவே விருதுநகரில் மாமாவின் அலுமினியக் கடையில் வந்து விழுந்தேன். பால்கனியை அடைப்பது, போர்டிகோவை மூடுவது, மொட்டைமாடியில் கண்ணாடி அறை எழுப்புவது, இதெல்லாம்தான் கடையின் வேலை. ஆர்டர் பெரும்பாலும் சிவகாசிப் பக்கம்.

கல்லூரி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. நானே படம் போட்ட வேலை ஒன்றாவது கட்டி முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் 'திருப்தி' என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆறு மாதத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும். என் பங்குக்கு நானும் ஒரு நிபந்தனை வைத்தேன்: மேற்கே கண்ணாடி போடுகிற படத்தில் என் பெயர் வராது. மாமா முதல் நாளே சொன்னார்: "நீ படம் போடு, வேண்டாங்கல. ஆனா கஸ்டமர் முன்னால வாயத் தொறக்காத."

ரோடு எந்தப் பக்கம்?

முதலில் வந்தவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. மாடியில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி அறை வேண்டும் என்றார். கொடைக்கானலில் மச்சினன் வீட்டில் பார்த்தாராம். "அங்கே குளிரும் அண்ணாச்சி, வெயில் வேணும். நமக்கு எதுக்கு?" என்றேன். மாமா இருமினார். நான் நிறுத்தவில்லை. சூரியன் எந்த மாதம் எந்தக் கோணத்தில் இறங்கும், கண்ணாடிக்குள் நுழைந்த சூடு ஏன் வெளியே போகாது என்று அவர் மேஜையில் கிடந்த காலண்டர் அட்டையின் பின்பக்கம் முழுவதும் வரைந்தேன். கிழக்கே போட்டால் காலை வெயிலோடு போயிற்று, சாயங்காலம் நிம்மதியாக உட்காரலாம் என்று தீர்ப்பும் சொன்னேன்.

மனிதர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து மாமாவைப் பார்த்துச் சிரித்தும்விட்டேன். அண்ணாச்சி அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் சரிதாம்மா. ஆனா ரோடு மேக்கதான இருக்கு? கண்ணாடிய நாம வெளிய பாக்கவா போடுறோம், வெளிய இருக்கவுக நம்மளப் பாக்கத்தான!"

அணில் வழி

அண்ணாச்சியின் அறை மேற்கேதான் எழுந்தது, மாமா போட்ட படத்தில். அந்த வேலையில் நான் சண்டை போட்டு வாங்கிய ஒரே சலுகை, கூரைக்குக் கீழே சாண் அகலத்தில் ஒரு காற்றுச் சந்து. சூடான காற்று மேலே ஏறி அது வழியாக வெளியே போய்விடும். பங்குனியில் அண்ணாச்சி வீட்டிலிருந்து போன் வந்தது, கண்ணாடி ரூமில் குறை இருக்கிறது, உடனே வரவும் என்று. குறை சூடாகத்தான் இருக்க வேண்டும்! நான் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது! வழியெல்லாம் மாமாவிடம் 'அப்பவே சொன்னேன்' என்பதைப் பத்து விதமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன்.

அறையில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. தரை நிறையத் தாம்பாளம். கூழ்வத்தல், மோர்மிளகாய், சுண்டவத்தல். அண்ணாச்சி வீட்டு அக்கா முகமெல்லாம் சிரிப்பு. காக்கா வருவதில்லை, திடீர் மழைக்கு மாடிப்படி ஏறி ஓட வேண்டியதில்லை, தெருவில் பாதிப் பேர் தங்கள் தாம்பாளத்தையும் இங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்களாம். அண்ணாச்சி அந்தப் பக்கமே போவதில்லையாம், போன மாதம் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாராம். "அப்போ குறை என்னக்கா?" என்றேன். அக்கா மாமாவிடம் கூரைக்குக் கீழே கையைக் காட்டினாள்: "ரூமு தங்கமா இருக்கு. இந்தப் பிள்ள வச்சுவிட்ட ஓட்டை வழியாத்தான் அணிலு வந்து மோர்மொளகாயத் தூக்கிட்டுப் போகுது, அத மட்டும் அடச்சுக் குடுத்துருங்க."

பன்னிரண்டு மணிச் சத்தம்

இது நான் தோற்ற கதை. சொல்லாமல் விட்டிருப்பேன், ஆனால் பிறர் தப்பையெல்லாம் சொல்லிவிட்டு என் தப்பை மட்டும் ஒளித்துவைப்பது நியாயமில்லை.

நாரணாபுரத்தில் ஒரு வீட்டின் முன்வாசலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்டோம். கடையின் மூத்த பிட்டர் குருசாமி அண்ணன் திருகுகளைக் கொஞ்சம் தளர்வாக விட்டிருந்தார். காற்றில் படபடவென்று ஆடியது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "இறுக்குங்கண்ணே" என்றேன். "வெயில்ல விரியும் தாயி, எடம் வேணும்" என்றார். நான் பக்கத்திலேயே நின்று அத்தனை திருகையும் இறுக்க வைத்தேன். மறுநாள் உச்சி வெயிலில் ஷீட் விரிந்தது. விரிய இடமில்லாமல் புடைத்து, டமார்!

வேறு ஊராக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நாரணாபுரத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. ஒருவரும் கூரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தில் எந்தத் திசையில் புகை என்று பார்த்தார்கள். ஒவ்வொருவர் காதிலும் போன். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும், அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், அடித்துக்கொண்டே இருந்தார்கள். 'எங்க ஷீட்டுதான், எங்க ஷீட்டுதான்' என்று குருசாமி அண்ணன் வீடு வீடாக ஓடிச் சொன்னார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த ஆறு மாதத்தில் நான் வாதாடாத ஒரே நாள் அதுதான். எல்லாத் திருகையும் தளர்த்தி, ரப்பர் வளையம் போட்டுத் திரும்பும்போது எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். "ஆடுனா ஆடிட்டுப் போகட்டும்மா, அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம். எங்க வீட்டு ஆளு உள்ள இருக்க நேரம்."

நாலு கதவு

ஆறு மாதம் முடிய மூன்று வாரம். கையில் காகிதம் இல்லை. அப்போதுதான் தாயில்பட்டியிலிருந்து ஒரு போர்மேன் ஐயா வந்தார். நாற்பது வருடம் பட்டாசு ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு முன்னால் மூன்று பக்கமும் திறந்த இடம். அதை அடைத்து, அவரும் சம்சாரமும் சாயங்காலம் உட்கார வேண்டும். "கண்ணாடி வேண்டாம். சூடு ஏறும், ஒடஞ்சா சிதறும்" என்றார் அவராகவே. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே படம் போட்டேன். ஓட்டுக்கூரை, காற்று வரத் துளைத் துளையாகச் சிமெண்ட் ஜாலி, கொசுவலை, சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. ஐயா படத்தைப் பார்த்தார். "கதவு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு நாலு கதவு வேண்டுமாம். பக்கத்துக்கு ஒன்று. வீட்டுப் பக்கம், இந்த இடத்தை நோக்கித் திறக்கிற பழைய கதவையும் திருப்பி மாட்ட வேண்டும். நாலும் அறையைவிட்டு வெளியே திறக்க வேண்டும். தாழ்ப்பாள் கூடாது, தடுக்குகிற மாதிரி நிலைப்படி கூடாது. ஆலையில் வெடிமருந்து அடைக்கிற அறை அப்படித்தான் இருக்குமாம். இரண்டு நாள் வாதாடினேன். "இங்க மருந்து இல்லையே ஐயா?" என்றேன். "இல்லதான்" என்றார். "நாலு கதவு வச்சா அது ரூம் இல்ல, நாச்சந்தி. பெஞ்சை எங்க போடுறது?" "நடுவுல போடு." "சாய்ஞ்சுக்கச் சுவர் வேண்டாமா?" "சாஞ்சா தூக்கம் வரும். தூங்குறதுக்கு உள்ள கட்டில் கெடக்கு."

படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். காகிதம் கிடைக்காவிட்டால் போகிறது, ஜூனியர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று வண்டியில் ஏறப் போனவளை அவருடைய சம்சாரம் காலை இழுத்து இழுத்து நடந்துவந்து நிறுத்தினார். "கலியாண வீட்டுல கூட இவுக பந்தியில உக்கார மாட்டாக தாயி, வாசக்கிட்டயே நிப்பாக. நாப்பது வருசமா நான் ஒத்தையிலதான் சாப்பிடுறேன். நாலு கதவு வச்சுக் குடு, பக்கத்துல உக்காந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்கட்டும்."

ஐந்தாவது ஆள்

வைத்துக்கொடுத்தேன். வேலை முடிந்த அன்று அவர்கள் வீட்டில் சேவும் காப்பியும். நாலு கதவும் திறந்திருந்தன. உள்ளே மாமா, குருசாமி அண்ணன், ஐயா. ஐயாவுக்குப் பக்கத்தில் சம்சாரம், கையில் டம்ளர். நான் வண்டியிலிருந்து கல்லூரிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கால் வைக்கப் போனேன். ஐயா கையை நீட்டித் தடுத்தார். "ஆளு நாலு ஆயிருச்சு. யாராச்சும் வெளிய வந்தாத்தான் நீ உள்ள வரலாம்." ஆலையில் மருந்து அறைக்கு நாலு பேர்தானாம். மாமா எழுந்திருப்பார் என்று பார்த்தேன். மாமா இன்னொரு கை சேவு எடுத்தார். தகிக்கிற வெயிலில் வாசலில் நின்றுகொண்டு, இந்த அறைக்குப் படம் போட்டதே நான்தான் என்று கத்தினேன். "அதனாலதான் சொல்றேன், விதி ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல" என்றார்.

பிறகு அவரே வெளியே வந்து, வண்டி சீட்டில் காகிதத்தை வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'அறை பார்வையிடப்பட்டது. நான்கு கதவுகளும் வெளிப்புறம் திறக்கின்றன. தாழ்ப்பாள் இல்லை. காற்று வருகிறது. குறை ஒன்றுமில்லை. படம் போட்ட பெண் அதிகம் பேசும், வேலை சுத்தம்.' எல்லாம் இருந்தது, கல்லூரி கேட்ட ஒரு வார்த்தையைத் தவிர. "ஐயா, 'திருப்தி'ன்னு மட்டும் ஒரு வார்த்தை" என்று கெஞ்சினேன். பேனாவை மூடிவிட்டார். "நாப்பது வருசத்துல அந்த வார்த்தைய நான் எழுதுனதில்ல. திருப்தின்னு எழுதுன மறுநாள்தாம்மா எதையாவது பாக்காம விட்ருவோம்."

அதே நாலு கதவு

கல்லூரியில் மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். பெரியவர், எங்களுக்கு வெயிலும் காற்றும் பாடம் நடத்தியவர், காகிதத்தை இரண்டு முறை படித்தார். "திருப்தி என்று இல்லையே?" என்றார். குறை ஒன்றுமில்லை என்று போர்மேன் ஒருவர் எழுதினால் அதற்கு மேல் ஒரு சான்று இந்த உலகத்தில் இல்லை என்றேன். "சரி, இத்தனூண்டு அறைக்கு எதற்கம்மா நாலு கதவு?" என்றார்.

கேட்கலாமா அப்படி! எந்தத் திசைக் காற்றையும் தவறவிடாது, எந்த மூலையிலும் சூடு தேங்காது, உட்கார்ந்திருக்கிறவர் எந்த நேரமும் எழுந்து போகலாம், கதவு என்பது மூடுவதற்கில்லை, திறப்பதற்கு என்று அரை மணி நேரம் வாதாடினேன். பெஞ்சு எங்கே என்றார், நடுவில் என்றேன். சாய்ந்துகொள்ளச் சுவர் என்றார். சாய்ந்தால் தூக்கம் வரும் என்றேன். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியவளைக் கூப்பிட்டு, மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "எங்க வீட்டு பால்கனிக்குக் கண்ணாடி போடணும், உங்க மாமா நம்பரைக் கொடுத்துட்டுப் போம்மா. மேற்குப் பக்கம்தான், ரோடு அங்கதானே இருக்கு."

ஆக, ஆறு மாதத்தில் என் படத்தில் கட்டி முடிந்த ஒரே அறையில் நான் இன்றுவரை உட்கார்ந்ததில்லை என்றாலும், அதில் குறை ஒன்றுமில்லை என்று எழுத்துமூலம் வாங்கி வைத்திருக்கிறேன்.